தலைகீழ் நிலைக்கால்

சத்தியம் தம்பி, சத்தியம். நான் சொல்லப் போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் அடுத்த மாதம் என் பென்ஷன் பாங்கிக்கு வராமல் போகட்டும். வாயில் மிச்சம் இருக்கிற ஏழு பல்லும் இந்த பஸ் ஸ்டாப்பிலேயே கொட்டட்டும். உரக்கவே சொல்கிறேன், அந்த இளநீர்க்காரனுக்கும் கேட்கட்டும். சிரிக்கிறான் பாருங்கள். நான் எது சொன்னாலும் அவனுக்குச் சிரிப்பு. நீங்கள் அவனைப் பார்க்காதீர்கள், என்னைப் பாருங்கள்.

உட்காருங்கள். ரங்கநாயகி டீச்சர் வீடு எங்கே என்றுதானே கேட்டீர்கள்? இரண்டாவது குறுக்குத் தெரு, பச்சை கேட். வீடு எங்கேயும் ஓடிப் போகாது. அந்த வீட்டைக் கேட்டு வருகிறவர்கள் இரண்டு வகை. டியூஷன் சேர்க்க வருகிறவர்கள் கையில் ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். உங்கள் கையில் பிள்ளை இல்லை. சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. அதனால் கல்யாண விசாரிப்பு. சரிதானே? யாருக்கு, உங்களுக்கா? ஓ, அண்ணனுக்கா. அறுபத்தொன்றா வயது. சம்சாரம் தவறி ஆறு வருஷம். கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், ஊர் பழனி. ம்.

நல்ல காரியம் செய்தீர்கள். பெண்ணுக்கு ஐம்பத்தேழு வயது ஆனால் மட்டும் விசாரிக்காமல் எடுத்துவிட முடியுமா? விசாரிக்க வேண்டும். அதற்கு இந்தக் குமரன் நகரில் என்னை விட்டால் ஆள் கிடையாது. டீச்சர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மதில். அதுவும் மார்பு உயரம்தான். பதினாறு வருஷமாக நான் அந்த மதிலுக்கு இந்தப் பக்கம். என் பெயர் காளியண்ணன். ஆனைமலைப் பக்கம் மர டிப்போவில் முப்பத்தொரு வருஷம் காவலுக்கு இருந்தவன், அதனால் எல்லாரும் கார்டய்யா என்பார்கள்.

மரம் என்றால் என்னிடம்தான் கேட்க வேண்டும், தம்பி. நான் தொட்ட கட்டைகளை அடுக்கினால் இங்கிருந்து உங்கள் பழனி மலைக்குப் படி கட்டிவிடலாம். எங்கள் டிப்போவில் கோதாவரி என்று ஒரு யானை. நான் தலையசைக்காமல் அது ஒரு கட்டையைக்கூடத் தூக்காது. ஒரு தடவை நான் சொல்லாமல் கொள்ளாமல் மூன்று நாள் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் வருகைப் பதிவேடு என் மேஜையில் திறந்து கிடக்கிறது. மூன்று நாளும் எனக்கு ஆப்சென்ட். சிவப்பு மை. தும்பிக்கையில் மை உலரவே இல்லை. சத்தியம்.

அது இருக்கட்டும், டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன்.

டீச்சர் முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்தார், இரண்டு பேருக்கும் கல்யாணம் செய்து வைத்தார். அம்மா படுக்கையில் விழுந்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அம்மாவும் போன பிறகு வீட்டில் ஒற்றை ஆள். வேறு யாராக இருந்தாலும் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்பியிருப்பார்கள். இல்லை, டிவி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய், யாரோ ஓர் ஆசாரி வீட்டார் போட்டுவிட்டுப் போன பழைய சாமானை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு இழைப்புளி, நான்கு உளி, ஒரு ரம்பம், ஒரு மூலைமட்டம், உளியை அடிக்க ஒரு கொட்டாப்புளி. எல்லாம் துரு. அவர் அப்பா காலத்தில் கார் நிறுத்தக் கட்டிய கொட்டகை ஒன்று மதிலை ஒட்டி இருக்கிறது. கார்தான் கடைசி வரைக்கும் வரவில்லை. அந்தக் கொட்டகையில் சாக்கைக் கவிழ்த்தார்.

நான் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு, இது என்ன கூத்து என்று கேட்டேன். அதற்கு அவர், முப்பது வருஷமாக போர்டில் தொண்ணூறு டிகிரி வரைந்தேன், ஒன்றையாவது கையால் செய்து தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். மெஷின் வாங்கிக்கொள்ளலாமே என்றேன். மெஷின் வேலை செய்தால் நான் என்ன செய்வது என்றார். பதிலா இது? இப்படிப் பேசுகிறவரை உங்கள் அண்ணன் எப்படிச் சமாளிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

முதல் ஒரு மாதம் ஒரு கட்டையைக்கூட வெட்டவில்லை. தீட்டல், தீட்டல், தீட்டல் மட்டும்தான். என்ன கல்லா? கடப்பைக் கல் துண்டு ஒன்று, அதில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார். அப்புறம் பழைய தோல் பெல்ட்டில் இருபது இழுப்பு. ஏன், உங்கள் அண்ணனுக்கு இதெல்லாம் எதற்கு? சரி, சரி, கேட்டீர்கள், சொல்கிறேன். தீட்டியது போதுமா என்று பார்க்க இடது முழங்கையின் மேல் உளியை வைத்து முடியை மழித்துப் பார்ப்பார். கையில் அங்கங்கே திட்டுத் திட்டாக வழுக்கை. அடுத்த வீட்டுப் பெண் கையில் முடி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது என் பழக்கம் இல்லை. ஆனால் மதில் மார்பு உயரம்தானே.

இரண்டாவது மாதம் இழைப்பு. முதலில் இழைப்புளி மரத்தைக் கடித்துக் கடித்துத் துப்பியது. நாரின் போக்குக்கு எதிராகத் தள்ளுகிறீர்கள், பூனையை வாலிலிருந்து தடவுகிற மாதிரி என்றேன். அதற்குள் அவரே கட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். ஆனாலும் நான் சொன்னது சொன்னதுதான். அதன் பிறகு சீவல் வந்தது பாருங்கள், மல்லிகை இதழ் தடிமன். ஒரு சீவலைக் கண்ணில் வைத்துக்கொண்டு நான் தினத்தாளில் கண்ணீர் அஞ்சலிப் பக்கம் முழுவதும் படித்தேன். ஒரு நாள் காற்றில் நான்கு சீவல் பறந்து எங்கள் அடுப்படி ஜன்னலுக்குள் போய்விட்டது. என் மருமகள் சுகந்தி அப்பளம் என்று நினைத்து எண்ணெயில் போட்டுவிட்டாள். நான் இரண்டு சாப்பிட்டேன். உப்பு மட்டும் ஒரு சிட்டிகை குறைவு.

காலை ஆறரைக்குக் கொட்டாப்புளிச் சத்தம் ஆரம்பிக்கும். டொக், டொக். மனுஷன் தூங்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் ஐந்தரைக்கே எழுந்து மதிலோரம் நின்றுகொண்டிருப்பேன், அது வேறு விஷயம். சுகந்தி நல்ல பெண், குறை சொல்லக் கூடாது, ஆனால் எங்கள் வீட்டில் காபி எட்டு மணிக்குத்தான். டீச்சர் ஆறே முக்காலுக்கு மதில் மேல் ஒரு டம்ளர் வைப்பார். அது மேற்பார்வைக்கான காபி. சும்மா வாங்கிக் குடிக்கிறவன் இல்லை நான்.

நின்று நின்று மேற்பார்வை பார்த்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது. அதை ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அடுத்த பத்து நாளில் அவர் முதல் முதலாகச் செய்து முடித்த சாமான் எது தெரியுமா? ஒரு முக்காலி. ஒரு கட்டையில் துளை, இன்னொன்றில் துளைக்குள் போகும் கழுந்து, ஆணி இல்லை, பசை இல்லை. கேட்டைச் சுற்றி வந்து உட்கார்ந்து பாருங்கள் என்றார். உட்கார்ந்தேன். ஆடியது.

"ஆடுதுங்க டீச்சர்" என்றேன்.

"மூணு காலு ஆடாதுங்க கார்டய்யா. மூணு புள்ளி எப்பவும் ஒரே தளத்துலதான் நிக்கும்."

"ஆடுதே."

"ஆடறது நீங்க."

கணக்கு டீச்சர்களுக்கே உள்ள குணம் இது. தப்பு மரத்தில் இருக்காது, மேலே உட்கார்ந்திருக்கிற ஆளிடம்தான் இருக்கும். நானும் விட்டுக்கொடுத்து அதே முக்காலியில் இரண்டு வருஷமாக உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். வேறு எதில் உட்கார்ந்தாலும் இப்போது இடுப்பு வலிக்கிறது. ஒரு ஆளின் இடுப்பையே கெடுத்துவிட்டார்.

சிரிக்காதீர்கள். முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். இதுதான் உங்கள் அண்ணன் காதில் விழ வேண்டியது.

கொட்டகைக்குக் கதவு கிடையாது. ஒரு நாள் தெருவில் திரிகிற ஆடு ஒன்று உள்ளே நுழைந்து, சீவலோடு சேர்த்து டீச்சர் அளவு எழுதி வைத்திருந்த நோட்டையும் தின்றுவிட்டது. அன்றிலிருந்து அந்த ஆடு நேர்கோட்டில்தான் நடக்கிறது, திரும்பினால் செங்கோணம். இளநீர்க்காரனைக் கேளுங்கள். வேண்டாம், கேட்காதீர்கள். அதனால் நிலையும் கதவும் செய்து மாட்டிவிடுவது என்று டீச்சர் முடிவு செய்தார். ஐப்பசிக் காற்றில் அவர் வீட்டு வேப்பமரம் சாய்ந்திருந்தது. அதை மில்லில் கொடுத்து அறுத்துச் சதுரக் கட்டைகளாகக் கொண்டு வந்து ஒரு வருஷம் காய வைத்திருந்தார்.

நிலை வைக்கிற முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கதவின் இரண்டு பக்கமும் நிறுத்துகிற கால், மரம் மண்ணில் எப்படி நின்றதோ அப்படித்தான் நிற்க வேண்டும். வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே. மாற்றி நிறுத்தினால் மரம் தலைகீழாக நிற்கிறது என்று பொருள். தலைகீழ் நிலைக்குள் நல்ல காரியம் நுழையாது என்பார்கள். அதனால் ஆசாரிமார் அறுக்கும்போதே வேர்ப்பக்கம் ஒரு குறி போட்டுவிடுவார்கள். டீச்சரும் சாக்பீஸால் போட்டிருந்தார். பள்ளிக்கூடப் பழக்கம், சாக்பீஸ். ஒரு வருஷ மழைக்குச் சாக்பீஸ் நிற்குமா?

ஒரு காலை நேரம், இரண்டு கட்டையையும் கிடத்திவைத்து அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எது வேர்ப்பக்கம், எது நுனிப்பக்கம் என்று தெரியவில்லை. நான் கேட்டைத் திறந்துகொண்டு போனேன். தள்ளுங்கள் என்றேன். முட்டி போட்டுக் கட்டையின் ஒரு முனையில் காதை வைத்துக்கொண்டு, மறுமுனையில் விரலால் தட்டச் சொன்னேன். வேர்ப்பக்கத்தில் மரம் குடித்த தண்ணீரின் ஞாபகம் இருக்கும் தம்பி, கடம் மாதிரி ஒரு நாதம் வரும். வந்தது. இதுதான் வேர்ப்பக்கம் என்றேன்.

டிப்போவில் அப்படித்தான் கண்டுபிடிப்போமா என்றா கேட்கிறீர்கள்? டிப்போவுக்குக் கட்டைகள் வரும்போதே வேர்ப்பக்கத்தில் முத்திரை அடித்துத்தான் வரும். காது வைக்க வேண்டிய அவசியம் எனக்கு முப்பத்தொரு வருஷத்தில் வந்ததில்லை. வந்திருந்தால் வைத்திருப்பேன்.

டீச்சர் அந்தக் கட்டையின் கணு ஒன்றைக் காட்டினார். கிளை மேல்நோக்கித்தானே போகும், இந்தக் கணு சாய்ந்திருக்கிற திசையைப் பார்த்தால் நீங்கள் சொல்வதற்கு நேர் எதிராக இருக்கிறதே என்றார். கணு பொய் சொல்லும், காது பொய் சொல்லாது என்றேன். முப்பத்தொரு வருஷம் டீச்சர், மரத்தோடு முப்பத்தொரு வருஷம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருப்பேன். அன்று காலையில்தான் எங்கள் வீட்டில் சுகந்தியின் ஊர்க்காரர்கள் வந்திருந்தார்கள். கோதாவரி விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். என் மகன் அவர்கள் முன்னால், அப்பா பேசுகிற எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள், அவருக்கு வேறு வேலை இல்லை என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டான். மதில் மார்பு உயரம்தான், அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, நேரத்தைச் சொல்வதற்காகச் சொன்னேன்.

டீச்சர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, நான் காட்டிய முனையில் குறி போட்டார். பென்சில் யார் கையில் இருந்தது? டீச்சர் கையில். அதை மட்டும் மறக்காதீர்கள்.

இரண்டாவது கட்டைக்குப் போவதற்குள் சுகந்தி சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். அதை டீச்சர் தன் இஷ்டத்துக்குக் கணுவைப் பார்த்தே குறித்துக்கொண்டார்.

நிலை வைத்த நாளில் காலனியில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை தன் கையால் இழைத்துத் துளை போட்டு நிலை செய்திருக்கிறாள் என்றால் பார்க்க வர மாட்டார்களா? மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி எல்லாம் முறையாகத்தான் செய்தார். தண்டபாணி ஆசாரியைத் தானே நேரில் போய் அழைத்திருந்தார். அவர் வந்தார். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார், நான்கு மூலையும் தொண்ணூறு. கழுந்து இருக்கிற இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தார், நகம் நுழையவில்லை. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவர் கை இடது காலில் நின்றுவிட்டது. கணுவைத் தடவினார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"அம்மணி, வலது காலு கால்ல நிக்குது. இடது காலு தலையில நிக்குது" என்றார்.

நாற்பது பேர் நின்ற கூட்டம், தம்பி. மாவிலை அசைகிற சத்தம் கேட்டது. காலனிச் சங்கத் தலைவர் சம்சாரம்தான் முதலில் வாயைத் திறந்தார்கள், யார் குறி போட்டது என்று. டீச்சர் என் பக்கம் ஒரு தடவை திரும்பினார். ஒரே தடவை. நான் மேலே ஏதோ காக்கை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தாங்க. புதுசா கத்துக்கறேன்ல, தப்பாயிருச்சு" என்றார்.

கேட்டீர்களா? என் இரண்டு காதாலும் கேட்டேன். அவரே ஒப்புக்கொண்டார், நாற்பது பேர் சாட்சி. இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் ஏன் நடுவில் பேசவில்லை என்று கேட்கிறீர்கள். ஒரு பெண்பிள்ளை பேசும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லை.

ஆசாரி நல்ல மனுஷர். அரை நாள் வேலை, கழற்றித் திருப்பி வைத்துவிடலாம் என்றார். டீச்சர் கேட்ட கேள்வி இரண்டுதான். பாரம் தாங்குமா? தாங்கும். கதவு தொங்குமா? தொங்காது. அப்படியானால் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எல்லாருக்கும் கேசரி கொடுத்தார். எனக்கு இரண்டாம் தடவையும் வைத்தார். எனக்குத்தான் இறங்கவில்லை. நெய் அதிகம்.

அதற்குப் பிறகு காலனியில் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டது, அந்த நிலைதான். செயலாளர் மகன் மூன்று பேப்பரில் ஃபெயில், அந்த நிலைதான். நான் யாரையும் மறுத்துப் பேசவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. தினமும் அந்த நிலை வழியாகத்தான் என் முக்காலிக்குப் போகிறேன். வலது பக்கமாக ஒதுங்கிப் போவேன். இடது காலைப் பார்க்க மாட்டேன். பார்த்தால் அந்தக் கணு என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும். மரத்துக்குக் கண் உண்டா? சும்மா சொல்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் டீச்சரின் சின்னத் தம்பி சென்னையிலிருந்து வந்து, அக்கா எங்களுக்காகவே இருந்துவிட்டாய், இனிமேலாவது உனக்கு ஒரு துணை என்று எங்கேயோ கல்யாணத்துக்குப் பதிந்து வைத்தான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கேட்டேன், இந்த வயதில் எதற்கு டீச்சர் என்று. சாயங்காலத்தில் பேச ஒரு ஆள் இருந்தால் நல்லதுதானே என்றார். நான் இல்லையா என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

உங்களுக்கு முன்னால் மூன்று பேர் வந்துவிட்டுப் போனார்கள். மூன்று பேரும் இதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தாராபுரத்துக்காரர் உளி என்று சொன்னதுமே எழுந்துவிட்டார். பொள்ளாச்சிக்காரர் முழங்கை மழிப்பு வரைக்கும் தாக்குப் பிடித்தார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர்தான் தங்கமான மனுஷர், பொறுமையாகக் கேட்டார். தலைகீழ் நிலை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. அங்கே பஸ் வந்தது, ஏறிவிட்டார். நான் உண்மையைத்தான் சொன்னேன். உண்மையைச் சொன்னால் போகிறவர்கள் போகட்டும், எனக்கு இதில் ஒரு பைசா லாபம் உண்டா? நீங்களே சொல்லுங்கள்.

கோபிக்காரர் வருவதாக இருந்த அன்று டீச்சர் அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பதினோரு மணி வரைக்கும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் புடவையை மாற்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். ஏற்கெனவே இழைத்து வழவழவென்று இருந்த ஒரு தேக்குப் பலகையை எடுத்துப் போட்டு இழைக்க ஆரம்பித்தார். பன்னிரண்டு, ஒன்று, ஒன்றரை. சீவல் முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. பலகை அட்டை மாதிரி ஆகி, கடைசியில் நடுவில் பிளந்துவிட்டது. நல்ல தேக்கு, தம்பி. அநியாயம். நான் முக்காலியில் உட்கார்ந்தபடி, மரத்தை இப்படியா வீணாக்குவது என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

"கார்டய்யா, பஸ் ஸ்டாப்புல அவர்கிட்ட என்ன பேசினீங்க?"

"உள்ளதைத்தாங்க பேசினேன்."

"முழுசாவா?"

"முழுசா எங்க? பாதியில பஸ் வந்துருச்சே."

அவ்வளவுதான். சீவலைப் பெருக்கிக் கூட்டினார். மறுநாள் காலையில் மதில் மேல் காபி இருந்தது. சர்க்கரை போட்டுத்தான் இருந்தது, ஆனால் எனக்குக் கசந்தது. வயதானால் நாக்கு செத்துவிடுகிறது.

என்ன கேட்டீர்கள்? அந்த இடது காலைக் குறித்தது யார் என்றா? அதான் சொன்னேனே, டீச்சர். பென்சில் டீச்சர் கையில். நான் வாயால் சொன்னது மட்டும்தான். ஒரு படித்த பெண், முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர், கணு ஒன்று சொல்கிறது என்று தன் கண்ணால் பார்க்கிறவர், பக்கத்து வீட்டுக் கிழவன் சொன்னான் என்று அதை விட்டுவிடலாமா? கேட்கிறேன், விடலாமா? இதுதான் அவரிடம் உள்ள பெரிய குறை. யாருடைய முகமாவது வாடினால் போதும், தொண்ணூறு டிகிரியைக்கூட விட்டுக்கொடுத்துவிடுவார். அண்ணனிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

ஆமாம், அண்ணன் வீடு சொந்த வீடா? கொட்டகை ஏதாவது உண்டா? இல்லை, சும்மா கேட்கிறேன். இங்கிருக்கிற சாமானை எல்லாம் பழனிக்கு எடுத்துப் போவதென்றால் ஒரு வண்டி பிடிக்க வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டு மதில் எவ்வளவு உயரம்? அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? காலையில் சத்தம் கேட்டால் சண்டைக்கு வருகிறவர்களாக இருந்தால் கஷ்டம். எல்லாரும் என்னைப் போல இருப்பார்களா?

அதோ வருகிறது பாருங்கள், பழனி பஸ். இடம் இருக்கிறது, ஜன்னலோரம்கூட இருக்கிறது. ஏறிக்கொள்ளுங்கள். அண்ணனிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லுங்கள், அவர் முடிவு செய்யட்டும். தம்பி, கண்டக்டர் விசில் அடிக்கிறார், ஏறுங்கள். பெரியவன் சொல்கிறேனே. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

போயிற்று. ஏன் ஏறவில்லை?

என்னது?

எந்த அண்ணன் என்றால்? அண்ணனுக்கு என்றுதானே வந்ததும் சொன்னீர்கள்? அண்ணனே கிடையாதா? அப்படியென்றால் கம்பவுண்டர்... ஓ. ஓ. அதுதான் என்ன கல் என்றெல்லாம் கேட்டீர்களா? அறுபத்தொன்று மதிக்க முடியாது, தம்பி. நல்ல உடம்பு. நானாக இருந்தால் ஐம்பத்தைந்து சொல்வேன்.

இருங்கள், இருங்கள். அதை மறுபடி சொல்லுங்கள், எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம். யார் சொல்லி அனுப்பினார்கள்? டீச்சரா? போனிலா? என்ன சொன்னார், அவர் சொன்னபடியே சொல்லுங்கள். "பஸ் ஸ்டாப்புல ஒரு பெரியவர் இருப்பாருங்க. அவர் சொல்றத முழுசா கேளுங்க, நடுவுல எந்திரிச்சிராதீங்க. கேட்டதுக்கு அப்புறமும் வரணும்னு தோணுச்சுன்னா வாங்க. வர்றப்ப அவரையும் கூட்டிட்டு வந்துருங்க, காபி போட்டு வெக்கறேன்."

முழுசா என்றா சொன்னார்?

கூட்டிக்கொண்டு வரச் சொன்னாரா, என்னையும்?

இல்லை, ஒன்றும் இல்லை. புழுதி. பஸ் போனால் இங்கே புழுதி பறக்கும், கண்ணில் விழும். இளநீர்க்காரா, நீ என்ன பார்க்கிறாய், உன் காயைப் பார்.

சரி, போங்கள். இரண்டாவது குறுக்குத் தெரு, பச்சை கேட். நேராகக் கொட்டகைக்கே போங்கள், இந்த நேரத்தில் அங்கேதான் இருப்பார். நான் பத்து நிமிஷம் கழித்து வருகிறேன், ஏதோ தற்செயலாக வருகிற மாதிரி. உள்ளே நுழையும்போது தலையை நிமிர்த்திக்கொண்டே நுழையலாம், நிலை உயரமாகத்தான் வைத்திருக்கிறார். இடது காலை நின்று பார்க்காதீர்கள். யார் குறித்தது என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள், தம்பி. கேட்டால் இப்போதும் நான்தான் என்பார். எனக்கு அதைத் திரும்ப ஒரு தடவை கேட்கத் தெம்பு இல்லை. அது காது வைத்த ஆள் செய்த தப்பு. வேர்ப்பக்கமாவது, நாதமாவது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை அன்றைக்கு.

சொல்லிவிட்டேன், போங்கள். ஆனால் ஒன்று. இந்தக் கடைசி விஷயத்தை உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். காலனியில் யார் கேட்டாலும் சரி. டீச்சர் கேட்டால், கட்டாயம் சொல்லாதீர்கள்.